லாரி மேடைக் கச்சேரி

மழை வலுத்ததும் வசந்தாமணி என் தலையிலிருந்த கனகாம்பரத்தைப் பிடுங்கிச் சேற்றில் எறிந்தாள். "நைஞ்சு போச்சு புள்ள, தலையில சாணி அப்புன மாதிரி இருக்குது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. காலையில் அம்மா தொடுத்து வைத்த பூ. நனைந்திருந்ததே தவிர அவ்வளவு மோசமாக ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனாலும் வசந்தாமணி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். சின்ன வயசிலிருந்து அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிப் பழகிய புத்தி. இப்போது நினைத்தாலும் அந்தப் புத்தியை விளக்குமாற்றால் சாத்தலாம் போல இருக்கிறது.

எண்பத்தொன்றாம் வருஷத்து ஆடிப்பெருக்கு அது. ஞாயிற்றுக்கிழமை. மோகனூரில் காவிரிக்கரையை ஒட்டிய காலி இடத்தில் பையன்கள் சேர்ந்து மத்தியானக் கச்சேரி வைத்திருந்தார்கள். சேலத்திலிருந்து மெல்லிசைக் குழு வந்திருந்தது. மேடை என்று தனியாக எதுவும் கட்டவில்லை. எங்கள் பக்கம் லாரிக்கா பஞ்சம்? இரண்டு லாரிகளைப் பின்பக்கம் ஒட்டி நிறுத்தி, பின்கதவுகளை இறக்கிவிட்டு, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டார்கள். கீழே டயர் இருக்கிறதையே மறந்துவிட்டுப் பாடகர் பளபள கோட்டு போட்டுக்கொண்டு வந்து நின்றார். மைக்கில் ஷாக் அடிக்கிறதென்று அதற்கு ஒரு துண்டைச் சுற்றியிருந்தார்கள். டிரம் வாசிக்கிறவர் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் டிரம்முக்கு மேல் சாக்கைப் போர்த்தி, அடுத்த பாட்டுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கவே சிரிப்பாக இருந்தது. ஆற்றில் தண்ணீர் செங்காவியாகப் போய்க்கொண்டிருந்தது. முளைப்பாரி விட வந்த பொம்பளைகள் ஈரச்சீலையோடு அப்படியே கச்சேரிக்கு உட்கார்ந்துவிட்டார்கள்.

நாங்கள் மூன்று பேர். நான், வசந்தாமணி, அஜீஸுன்னிசா. அஜீஸின் அப்பா மோகனூர்க் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் முடிந்ததும் அவளுக்கு நிக்காஹ் பேசி முடித்துவிட்டார்கள், அவளுக்கும் அதில் சந்தோஷம்தான். எனக்கும் வசந்தாமணிக்கும் நாமக்கல்லில் டீச்சர் டிரெய்னிங்கில் இடம் கிடைத்திருந்தது. மறுநாள் திங்கள்கிழமை காலையில் இரண்டு பேரும் பெட்டியோடு பஸ் ஏற வேண்டும். எங்கள் தோட்டத்துப் பொம்பளைப் பிள்ளைகளில் பள்ளிக்கூடத்துக்கு மேல் படிக்கப் போகிற முதல் ஆள் நான். அதற்காக நான் சாப்பிடாமல் கிடந்தேன், அழுதேன், அம்மாவோடு பேசாமல் இருந்தேன். கடைசியில் அப்பாதான் இறங்கி வந்தார். "படிச்சு முடிக்கிற மட்டும் உன்னய யாரு முன்னாலயும் கொண்டுபோய் நிறுத்த மாட்டேன் சாமி. இது நான் குடுக்கற வாக்கு" என்று என் தலையில் கை வைத்துச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் பெட்டி கட்டினேன்.

வசந்தாமணி டிரெய்னிங்குக்கு வருகிறாள் என்றால் அதற்கும் நான்தான் காரணம். அவளுக்கு ஒரு முறை மாப்பிள்ளை இருந்தான். திருச்செங்கோட்டுப் பக்கம் அவளுடைய பெருமாயி அத்தையின் மகன் செங்கோட்டையன், ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக்கு வண்டி வைத்திருந்தான். வருஷத்தில் பாதி நாள் வடக்கே எங்கேயோ வண்டியோடு கிடப்பான். அந்த அத்தை வரும்போதெல்லாம் "என்ற மருமவ எங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் வாசலில் கால் வைக்குமாம். அது வருகிற நாளெல்லாம் வசந்தாமணி எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து குதிருக்குப் பக்கத்தில் ஒளிந்துகொள்வாள். அதனால் அத்தனை வருஷப் பழக்கத்தில் நான் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததே இல்லை. "என்னய அவனுக்குக் கட்டி வெச்சா ஆத்துல உழுந்துருவேன்" என்று என் மடியில் படுத்து அழுவாள். நான்தான் கண்ணைத் துடைத்துவிட்டு, வா, இரண்டு பேரும் டிரெய்னிங் போவோம், படிக்கிற பிள்ளையை யாரும் தொட மாட்டார்கள் என்று சொல்லிக் கிளப்பினேன்.

அன்றைக்குக் காலையிலிருந்தே தூறல். ஆடிக்காற்று வேறு தென்னை மட்டைகளைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் கச்சேரிக்குப் போக ஆசைதான். ஆனால் மறுநாள் கிளம்ப வேண்டும், காய்ச்சல் கீய்ச்சல் வந்து தொலைத்தால் என்ன செய்வது என்று தயங்கினேன். வசந்தாமணி விடவில்லை. "மழை பேஞ்சா கரஞ்சு போறதுக்கு நாம என்ன உப்பா? நாளைக்குப் போனா அப்புறம் அஜீஸ எப்பப் பாப்போம்? கெளம்பு புள்ள" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா தடுப்பாள் என்று பார்த்தேன். நாலு தூறல் விழுந்தால் கடைக்குக்கூட அனுப்பாத அம்மா, "போய்ட்டு வரட்டும், புள்ளைங்க ஆசப்படுதுங்க" என்றாள். சொன்னதோடு நிற்காமல், பண்டிகைக்கு மட்டும் எடுக்கிற மாம்பழக்கலர் சீலையை எடுத்துக் கட்டச் சொன்னாள். சேற்றுக்குள் அந்தச் சீலையா என்று கேட்டதற்கு, "நல்ல நாள்ல நல்லதா கட்டுனா என்ன கொறஞ்சு போவுது?" என்று எரிந்து விழுந்தாள். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. எப்படி உறைக்கும்? ஆடி மாசத்தில் எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சையே யாரும் எடுக்க மாட்டார்கள். ஆடி பதினெட்டு மட்டும் அதற்கு விலக்கு என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

கச்சேரி நன்றாகத்தான் இருந்தது, அதைப் பொய் சொல்ல மாட்டேன். மூன்று பேரும் ஒரு குடைக்குள் உட்கார்ந்து ஆளுக்கொரு தோள் நனைந்துகொண்டிருந்தோம். பாடுகிற பெண் சன்னக்குரலில் இழுத்துப் பாடும்போது காற்றில் அந்தக் குரல் ஒரு தடவை பக்கத்தில் வரும், ஒரு தடவை ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விடும். அஜீஸ் கூடவே முணுமுணுத்தாள். நான் கைதட்டிக் கைதட்டி உள்ளங்கை சிவந்துவிட்டது. இனி எனக்கு எல்லாம் நல்லதாகத்தான் நடக்கும் என்று நினைத்தேன். அப்படி ஒரு சந்தோஷம் அன்றைக்கு.

அப்போதுதான் மழை வலுத்ததும், வசந்தாமணி என் பூவைப் பிடுங்கியதும். அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தொட்டது. நல்ல உயரமான அம்மாள். பெரிய சிவப்புக்கல் மூக்குத்தி, அரக்குச் சீலை. பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள் அந்த அம்மாளுக்குக் குடை பிடித்துக்கொண்டு மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்ல நாளும் அதுவுமா பொண்ணு வெறுந்தலையோட உக்காந்திருக்கலாமா சாமி? தலையக் குனி" என்றது அந்த அம்மாள். மடியிலிருந்த வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தது. மல்லிகையும் மரிக்கொழுந்தும் சேர்த்து நெருக்கிக் கட்டிய சரம். மழை வாசத்தையும் மீறி அதன் வாசம் வந்தது.

"இருக்கட்டுங்க, உங்களுக்கு?" என்றேன்.

"உனக்குன்னு கொண்டாந்ததா நினைச்சுக்க சாமி."

முன்பின் தெரியாதவர்கள் இப்படி இருக்கிறார்களே என்று எனக்கு மனசு இளகிப்போனது. குனிந்தேன். அந்த அம்மாள் சாமி கும்பிடுகிற மாதிரி வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு, அவசரமில்லாமல் என் தலையில் பூவை வைத்து ஊசி குத்திவிட்டது. "இவளுக்கும் பாதி அறுத்துக் குடுங்களேன்" என்று நான் அஜீஸைக் காட்டியதும் அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது. "அய்யோ, இந்தப் பூவ அறுக்கக் கூடாது கண்ணு" என்றது. வசந்தாமணிக்காவது தரும் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் மேடையைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. பூவென்றால் உயிரை விடுகிறவள், "எனக்கு வேண்டாம்" என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

அடுத்த பாட்டில் தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் மொத்தமாக அக்கார்டியன்காரர் தலையில் கொட்டியது. கூட்டம் ஹோவென்று சத்தம் போட்டது. நானும் சிரித்து ஓய்ந்து திரும்பியபோது பின்னால் அந்த அம்மாளும் இல்லை, வெள்ளைச் சட்டையும் இல்லை.

"என்ன, அதுக்குள்ள போய்ட்டாங்க" என்றேன்.

அஜீஸ் குடையை மாற்றிப் பிடித்தாள். அவள் மனசில் கள்ளமே கிடையாது. "யாரு, வசந்தா அத்தைதானே? பஸ்ஸுக்கு நேரமாயிருக்கும். வெள்ளிக்கிழமை எங்க அத்தா கடைக்குப் பட்டு பாக்க வந்தாங்களே, வசந்தாவும் கூட வந்திருந்தா. ஆமா வசந்தா, அன்னிக்கு இவ கட்டியிருக்கற மாதிரி மாம்பழக்கலர் சீலைக்குத் தோதா ரவிக்கைத் துணி கேட்டாங்களே, கெடைச்சுச்சா?"

பாட்டுச் சத்தம் அப்படியே இருந்தது. என் காதில்தான் எதுவும் ஏறவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் பார்த்துவிட்டுப் போவதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான். பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், வீட்டு வாசலிலேயே முறித்துக்கொள்ளலாம். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா கையால் தலையில் பூ ஏறிவிட்டால் அவ்வளவுதான், பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அதற்கப்புறம் வேண்டாம் என்றால் அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் வாசலே திறக்காது. அந்தப் பூவுக்குத்தான் நான் குனிந்து கொடுத்திருக்கிறேன். இளித்துக்கொண்டே கொடுத்திருக்கிறேன்.

நான் வசந்தாமணியின் முழங்கையைப் பிடித்து லாரிகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். ஜெனரேட்டர் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"பெருமாயி அத்தையா அது? குடை புடிச்சுட்டு இருந்தவன் செங்கோட்டையனா?"

அவள் மண்ணைப் பார்த்தாள்.

"கேக்கறனல்ல!"

"அத்தை ஒத்துக்கல சௌந்திரம். என்னய விடணும்னா அதே மாதிரி இன்னொரு பொண்ணக் காட்டுன்னு எங்கப்பன்கிட்ட ஒத்தக்கால்ல நின்னுச்சு. உங்கம்மாவுக்கு இந்த எடம் ரொம்பப் புடிச்சுப் போச்சு. நீ வூட்ல உக்கார மாட்டீன்னுதான் இங்க..."

"உனக்கு ஆகாதவன் எனக்கு ஆவானா? நீ ஆத்துல உழுந்துருவீன்னு அழுவியே, நான் உழுந்தா பரவால்லியா?"

"அவன் நல்லவன்தான் புள்ள. எனக்குத்தான்..." என்று இழுத்தவள், சட்டென்று நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தாள். "நான் ஒண்ணும் உன்ற தலையப் புடிச்சு அமுக்கல. நீதான் குனிஞ்ச."

அறைந்துவிட வேண்டும் என்று கை பரபரத்தது. அறையவில்லை. அறைந்திருக்கலாம் என்று இன்றைக்கு வரைக்கும் தோன்றுகிறது. அஜீஸ் குடையோடு ஓடிவந்து நடுவில் நின்று, "நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டனா?" என்று இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் பதில் சொல்ல நான் நிற்கவில்லை. மாம்பழக்கலர் சீலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்கால் கரை வழியாக நடந்தேன். மழையில் அழுவதில் ஒரு சௌகரியம், எதிரே வருகிறவர்களுக்குத் தெரியாது. பூவைப் பிய்த்து எறியக் கை தலைக்குப் போய்ப் போய்த் திரும்பியது. அப்பா முகத்துக்கு நேராக வைத்துக் கேட்க வேண்டும் என்றுதான் விட்டு வைத்தேன். அம்மா செய்வாள், எனக்குத் தெரியும். வசந்தாமணியும் செய்துவிட்டாள். அப்பாவுக்குத் தெரிந்திருக்காது. அதை மட்டும் சொல்லிக்கொண்டே வீடு வரைக்கும் நடந்தேன்.

வாசலில் கால் வைத்ததும் அம்மா சென்னியம்மாள் என் தலையைத்தான் முதலில் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியை என்னவென்று சொல்ல? "வெச்சுட்டாங்களா! என்ற ராசாத்தி!" என்று திருஷ்டி கழித்து விரலை நெட்டி முறித்தாள். அப்பா ஆட்டுப்பட்டிக்கு முன்னால் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"ஆத்துப் பக்கமும் மழை நல்லாப் பேயுதா?" என்றார்.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன். "வாக்குக் குடுத்தீங்களே அப்பா. என்ற தலையில கை வெச்சுச் சொன்னீங்களே."

அப்பா கயிற்றை முறுக்கிக்கொண்டே இருந்தார். "நான் ஒண்ணும் உன்னயக் கொண்டுபோய் நிறுத்தலியே சாமி. நீயாப் போன, பாட்டுக் கேட்டுட்டு வந்த" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்காத அளவுக்கு இறங்கிவிட்டது.

உள்ளே போனேன். காலையில் பூட்டி வைத்துவிட்டுப் போன என் தகரப் பெட்டி திறந்து கிடந்தது. துணியெல்லாம் எடுத்துப் பழையபடி கொடியில் போட்டிருந்தார்கள். அந்த அம்மாள் என் தலையில் பூ வைக்கிறதுக்கு முன்னாலேயே இங்கே என் பெட்டியைக் காலி பண்ணிவிட்டார்கள். இரண்டு சீலை, பாவாடைகள், வசந்தாமணியும் நானும் ஒரே துணியில் தைத்துக்கொண்ட ரவிக்கை எல்லாம் கொடியில் வரிசையாகத் தொங்கின.

வெளியே வந்து ஊசியைப் பிடுங்கினேன். சரம் கையோடு வந்தது. ஆட்டுப்பட்டியில் வெள்ளாடு ஒன்று தலையை நீட்டிக்கொண்டு நின்றது. அதன் வாய்க்கு நேராகப் பிடித்தேன். அது ஒரு தடவை முகர்ந்து பார்த்தது. மரிக்கொழுந்தை முதலில் இழுத்தது. அப்புறம் மல்லிகையையும் சேர்த்து வாய்க்குள் வாங்கிக்கொண்டது.

"அடிப் பாவி, பூவு! வெச்ச பூவு!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு மழைக்குள் ஓடினாள். அப்பா கயிற்றைப் போட்டுவிட்டு எழுந்தார், ஆனால் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

நான் உள்ளே போய்க் கொடியிலிருந்து முதல் சீலையை இழுத்து மடித்துப் பெட்டியில் வைத்தேன். ஆற்றுப் பக்கமிருந்து குழாய் ஸ்பீக்கர் சத்தம் காற்றோடு வந்தது. கச்சேரியை இன்னும் நிறுத்தவில்லை. கதவுக்கு வெளியே அம்மா ஆட்டின் தாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அதன் வாயிலிருந்து தொங்கிய வாழைநாரை மறுகையால் இழுத்துக்கொண்டிருந்தாள். நார்தான் வந்துகொண்டிருந்தது. ஆடு மென்றுகொண்டே இருந்தது.