இரண்டில் எது டைட்டஸுக்கு

...அனுப்பவில்லை, காலையில் படத்தை அனுப்பவே இல்லை, எப்படி மறந்தேன், எல்லை தாண்டிப் பாறசாலையில் லாட்டரி விற்கிற சேச்சியின் பலகையிலிருந்து இரண்டு டிக்கெட் எடுத்தால், வண்டியில் ஏறுவதற்கு முன்பே ஒன்றைப் படம் பிடித்து டைட்டஸுக்கு வாட்ஸப்பில் தட்டிவிடுவேனே, படத்தில் உள்ள டிக்கெட் அவனுக்கு, மற்றது எனக்கு, காகிதம் இரண்டும் என் சட்டைப்பையில்தான் கிடக்கும், அவன் தன்னுடையதைக் கையால் தொட்டதுகூடக் கிடையாது, உனக்க பையில கெடந்தா எனக்க தலமாட்டுல கெடந்த மாதிரி மக்கா என்பான்... இன்று டிக்கெட் வாங்கும்போதே போன் செத்துக் கிடந்தது, வண்டியிலுள்ள சார்ஜர் என்றைக்கோ ஊத்திக்கொண்டது, வாழைக்குலை இறக்குகிற கடையில் போனைச் சார்ஜில் போட்டேன், அங்கே ஒரு தகராறு, ஏத்தன் வாழைக்குலையெல்லாம் எலும்பும் தோலுமாக இருக்கிறது என்று கடைக்காரர் முகத்தைச் சுளிக்க, நானும் விடவில்லை, அந்த எரிச்சலோடே களியக்காவிளை தாண்டி வந்து, குழித்துறைப் பாலத்துக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து வண்டியை ஒதுக்கி, போனைக் கையில் எடுத்த பிறகுதான் படத்தின் ஓர்மை வருகிறது. அதற்குள் குலுக்கல் முடிந்துவிட்டது, முடிவும் வந்துவிட்டது. இரண்டு டிக்கெட் இருக்கிறது, எது டைட்டஸுடையது என்று நான் இன்னும் சொல்லவில்லை.

அதனால் என்ன, குடியா முழுகிவிட்டது, இரண்டையும் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு ஒன்றை அவனுக்கு என்று... பார்த்துவிட்டா? பார்த்த பிறகு பிரித்தால் அதற்குப் பேர் பிரிப்பதா? அப்படியென்றால் பார்க்கும் முன்னே பிரி, இப்போதே பிரி, வலது கையில் இருப்பது அவனுக்கு, இடது கையில் இருப்பது உனக்கு, யார் தடுத்தது... யாரும் தடுக்கவில்லை, ஆனாலும் நான் பிரிக்கவில்லை, விரல் அதற்குள் லாட்டரி ஆப்பைத் திறந்துவிட்டது, கேமரா விழித்துக்கொண்டது. பைக்குள் உட்பக்கமாக இருந்த டிக்கெட்டை ஸ்டியரிங் மேல் வைத்துப் பிடித்தேன், அது வாங்கின மாதிரியே மடிப்பு கலையாமல் இருந்தது, பார்கோட்டின் மேல் கோடு ஓடியது, போன் ஒரு தடவை அதிர்ந்தது, சிவப்பில் மலையாள எழுத்து, எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டிய அவசியமே இல்லை, எத்தனை தடவை பார்த்த எழுத்து, சம்மானமில்லை, பரிசு கிடையாது. பாவம், டைட்டஸுக்கு இல்லை என்று நினைத்தேன்.

நினைத்து முடித்த பிறகுதான் அது எனக்கே கேட்டது. டைட்டஸுக்கு என்று யார் சொன்னது? எனக்கு இல்லை என்று ஏன் வரவில்லை? கையில் முதலில் கிடைத்ததை அவனுக்கு என்று நினைத்திருப்பேன், அவ்வளவுதான், வேறு ஒன்றுமில்லை... பொய், அடிக்காதது என்று தெரிந்த பிறகுதான் அவன் பேரே வந்தது. பரிசு உண்டு என்று பச்சை வந்திருந்தால் அந்தப் பேர் வந்திருக்குமா? ஜான்ரோஸே, நீ மாதா கோயிலில் முதல் வரிசையில் நிற்கிறவன், ஊரில் நாலு பேர் உன்னை நம்பி வீட்டுச் சாவியைத் தருகிறார்கள், எனக்கே என்னைப் பார்க்கச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது. டைட்டஸ் என்னோடு இதே வண்டியில் குலை ஏற்றினவன், வேறொரு லாரியில் ஒருநாள் கூலிக்குப் போனபோது கயிறு அறுந்து உச்சிப் பாரத்திலிருந்து விழுந்தான், யாருடைய குற்றமும் இல்லை, அன்றிலிருந்து அருமனை வீட்டில் கட்டில்தான், முதுகைத் திறந்து சரிசெய்யலாம் என்று திருவனந்தபுரத்து டாக்டர் சொன்னார், அதற்குப் பணம் வேண்டும், பெண்டாட்டி பிரிஜா முந்திரி ஆபீஸில் உட்கார்ந்து பருப்பு உடைக்கிறாள். அவனுக்கு இந்த டிக்கெட்டை விட்டால் எதிர்பார்க்க வேறொன்றும் இல்லை. எனக்கு? எனக்கும் வண்டி இருமிக்கொண்டுதான் ஓடுகிறது, வீடு பூசாமல் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறது, ஆனால் நான் நடக்கிறேன்.

இரண்டாவது டிக்கெட் ஸ்கேன் ஆகவில்லை. பையின் வெளிப்பக்கம் இருந்தது, குலை தூக்கும்போது நெஞ்சில் வழிந்த வாழைக்கறை துணியைத் தாண்டி அதில் ஏறியிருக்கிறது, பார்கோட்டின் குறுக்கே தவிட்டு நிறத்தில் இரண்டு தீற்றல், போதாததற்கு வியர்வையில் நனைந்து மடிப்பு வேறு. சவம், ஒரு தடவை, இரண்டு தடவை, கோடு மேலும் கீழும் ஓடுகிறது, ஒன்றும் பேச மாட்டேன் என்கிறது. லென்ஸைச் சட்டை முனையால் துடைத்தேன், சட்டையும் கறைதான், இன்னும் மங்கலானது. டார்ச்சைப் போட்டேன், வெளிச்சம் ஈரக் காகிதத்தில் பட்டுக் கண்ணைக் குத்தியது. எழுத்தும் எண்ணும் நன்றாகத் தெரிகிறது, முடிவுப் பட்டியலைத் திறந்து எண்ணை ஒத்துப் பார்க்கலாம், பொடிப்பொடி எண்ணாக வரிவரியாக இருக்கும், கண் பிடிக்காது, ஸ்கேன் ஆனால் போதும்... இது ஆகாமலே போகட்டும் என்று ஒரு மனசு, ஆகிவிடட்டும் என்று ஒரு மனசு, அந்தச் சமயம் பார்த்துப் போன் மணி அடித்தது, திரையில் டைட்டஸ்.

மக்கா, போட்டோ வரல்லியே, மறந்திட்டியா என்றான். போன் செத்துப் போச்சுலே, சார்ஜ் இல்ல என்றேன், அது உண்மை. சாரமில்ல, போட்டும், எனக்கு உண்டா என்றான். இப்போது சொல்லலாம், டைட்டஸே, இன்னைக்குப் பிரிக்கவே இல்ல, ஒண்ணு போச்சு, ஒண்ணு இருக்கு, அது யாருக்குன்னு நீயே சொல்லு என்று, ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற காரியம்... இல்லலே என்றது என் வாய். அவன் ம்ம் என்றான், வருத்தப்பட்ட மாதிரிகூடத் தெரியவில்லை, பழகிப்போனவன், உடனே கேட்டான், உனக்க டிக்கெட்டு? ஸ்கேன் ஆவ மாட்டேங்கு, வாழக்கற பட்டிருக்கு என்றேன். அப்படிச் சொன்னதும் அவன் குரலே மாறிவிட்டது, படுத்துக் கிடக்கிறவன் எழுந்து உட்கார்ந்த மாதிரி, தண்ணி தொடாத கேட்டியா, காயிதம் உரிஞ்சு போவும், முதல்ல லைட்ட அணை, வெயிலுக்கு முதுகக் காட்டிட்டு இரி, கண்ணாடி மாதிரி சமமா இருக்க எடத்துல வச்சு மடிப்ப நகத்தால நீவு, போன மூக்குல இடிக்க மாதிரி கொண்டு போவாத, ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு பைய பைய கிட்ட கொண்டு வா. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவன் சொன்னதையெல்லாம் செய்தேன். இவ்வளவும் கட்டிலில் கிடந்து போனை நோண்டியே கற்றுக்கொண்டவன், எனக்கு அடிக்க வேண்டும் என்று இத்தனை பாடுபடுகிறான், எனக்கா... இது அவனுடையதாகவும் இருக்கலாமே, தனக்குள்ளதைத் தானே எனக்கு எடுத்துக் கொடுக்கிறானோ என்று நினைத்ததும் அவன் சொன்னதை மறந்து போனை மூக்கில் இடிக்கிற மாதிரி கொண்டு போனேன், கேமரா படிக்கவில்லை.

ஆவல்லியா, அப்போ நம்பரச் சொல்லு மக்கா என்றான், ரிசல்ட்டு எனக்க போனுல கெடக்கு, நான் பாத்துச் சொல்லுதேன், எனக்கு வேற என்ன சோலி? என் கண்ணுக்கு நேரே எண் இருக்கிறது, ஒவ்வொன்றும் பளிச்சென்று. நம்பர் மேலயும் கற உண்டுலே, தெரியல்ல என்றேன். இது இரண்டாவது பொய், முதலாவதாவது வாய் தவறி வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம், இதை நான் யோசித்துச் சொன்னேன், அவன் கையில் அந்த எண் போகக்கூடாது என்று சொன்னேன். டைட்டஸ் நம்பினான். அப்படின்னா ஒரு போட்டோ எடு, அதுல கருப்பக் கொஞ்சம் கூட்டிக் குடு, கற மங்கிப் போவும், பொறவு ஆப்புல அந்தப் போட்டோவ எடுத்துக் குடுக்கலாம், பதறாத, நான் லைன்லதான் இருக்கேன், ஜெபம் பண்ணிட்டு இருக்கேன். வச்சிருலே, பாத்திட்டு நானே கூப்பிடுதேன் என்றேன், அவன் வைக்கவில்லை, உனக்கு அடிச்சா முதல்ல எனக்குத்தான் தெரியணும் என்று சிரித்தான். படம் எடுத்தேன், கருப்பைக் கூட்டினேன், தீற்றல் மங்கிக் கோடுகள் தனித்தனியாக எழும்பி வந்தன. ஆப்பில் கொடுத்தேன், வட்டம் சுற்றியது. நான் மூச்சு விடவில்லை, போனில் அவனும் மூச்சு விடவில்லை.

சிவப்பு.

இல்லலே என்றேன். சே, உனக்காவது அடிக்கும்னு நெனச்சேன் மக்கா, அந்த வீட்டப் பூசியிருக்கலாம்லியா என்றான், குரல் உடைந்திருந்தது, தனக்கு இல்லை என்றபோது உடையாத குரல். எனக்கோ அப்படியொரு நிம்மதி, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பரிசு அடிக்காததற்காக நெஞ்சு லேசானது, அந்த நிம்மதியைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அவன்தான் என்னைத் தேற்றினான், விடு, அடுத்த தடவ பாப்போம், சோறு தின்னியா, எனக்குள்ளதையும் நீயே பாத்து எடு, உனக்க கை ராசியான கையாக்கும். சரி என்றேன், வைத்துவிட்டான். அடித்திருந்தால் சொல்லியிருப்பேன், கட்டாயம் சொல்லியிருப்பேன், டைட்டஸே, இது யாருக்குன்னு பிரிக்கல்ல, பாதிப் பாதி என்று... இப்போது சொல்லிப் பார், வண்டிக்குள் யார் இருக்கிறார்கள், சத்தமாகச் சொல்லிப் பார் என்று வாயைத் திறந்தேன், டைட்டஸே என்பதுவரை வந்தது. பச்சை வந்திருந்தால், அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த அந்த நேரத்தில், முதலில் போனைத்தான் கட் பண்ணியிருப்பேன். அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. திரும்பக் கூப்பிட்டிருப்பேனா?