கொஞ்சப் பேர்தான்

1.

இந்தக் கதை ஒரு பூச்சியத்தில் பிறந்தது. கரைவலை ஊர்ச் சனம் குருநகருக்குச் சம்பந்தம் பேச வந்ததை எழுதி, வந்தவர்கள் நூறு பேர் என்று போட்டேன். சப்பென்று இருந்தது. ஒரு பூச்சியம் கூட்டினேன். ஆயிரம். நீங்கள் கண்ணிமைக்கவில்லை. லட்சம் போட்டாலும் இதே முகந்தான். ஒழுங்கை முழுவதும் மனிதக் கடல் திரண்டு, அலை அலையாக...

(வேண்டாம். பானையிலிருந்து தொடங்குகிறேன்.)

2.

எண்பத்தெட்டாம் ஆண்டு. குருநகரில் மரியநாயகியின் அடுப்பில், பனங்கிழங்கு மாவில் நண்டும் மீனும் போட்டுக் காய்ச்சிய ஒடியற்கூழ் ஒரு பானை. மகள் கத்தரீனாவுக்குக் கனிசியஸைப் பிடித்துப்போயிற்று. அவனுடைய தகப்பன் பேதுரு இன்று பேச வருகிறார். வந்த சனம் வயிறு காய்ந்து திரும்பினால் சம்பந்தம் அதோடு சரி.

"எத்தினை பேர் அண்ணை வருவியள்?" என்று மரியநாயகி முன்கூட்டியே கேட்டிருந்தாள்.

"கொஞ்சப் பேர்தான் தங்கச்சி."*

* மரியநாயகி வீட்டில் தோணித் தொழில். தோணி கொள்வது மூன்று பேர். பேதுருவுக்குக் கரைவலை, கரையில் நின்று அதன் வடம் இழுக்க அரை ஊர் வேண்டும். 'கொஞ்சப் பேர்' என்றதும் இருவருமே தங்கள் தொழிலுக்குப் போகிற ஆட்களைத்தான் நினைத்தார்கள்.

3.

மத்தியானம் இரண்டு ட்ராக்டர்கள் வந்து நின்றன.

"ஐயோ மாதாவே, உது பெருநாள் சனமெடி!"

(இங்கே மரியநாயகியை மயங்கி விழவைத்தேன். எழும்பி வந்து என்னையே முறைத்தாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

"தண்ணி விட்டுப் பெருக்குவமே அம்மா?" என்று கத்தரீனா கேட்டாள்.

"கடலையே குடிக்கக் குடுக்கிறது?"

அறைக்குள் இருக்கவேண்டிய கத்தரீனா, சேலையைச் செருகிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

"மாமா, வடம் பிடிக்காதவனுக்கு உங்கடை வலையிலை பங்கு இருக்கோ?"

பேதுருவின் புருவம் ஏறியது. "இல்லைப் பிள்ளை."

"இஞ்சையும் இல்லை. நண்டு உடைக்க ஆள் வேணும். அயலிலை மா வாங்க, பானை வாங்க ஆள் வேணும்."

பேதுரு வெடித்துச் சிரித்தார்.

"எடேய், சாரத்தை மடிச்சுக் கட்டுங்கோடா! சம்மாட்டி முதலாளி சொல்லிப்போட்டா!"

கனிசியஸுக்கு நண்டு வாய்த்தது. நண்டுக்குக் கனிசியஸின் விரல் வாய்த்தது.

"கடைசி ஆளுக்கும் கூழ் எட்டினால், வாற ஞாயிறே கோயிலிலை கலியாண ஓலை வாசிப்பிக்கலாம்," என்றார் பேதுரு.

4.

எட்டியது என்று ஒரு முடிவு எழுதினேன். எட்டவில்லை, ஆனாலும் கலியாணம் நடந்தது என்று இன்னொன்று. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

இந்தாருங்கள் அகப்பை. முற்றத்தில் பனையோலைப் பிளாவை நீட்டிக்கொண்டு வரிசையாக இருக்கிறார்கள். எத்தனை பேர் என்று கேளாதீர்கள்; ஊற்ற ஊற்றத் தெரியும். கடைசியில், விரலில் துணி சுற்றிக்கொண்டு இருப்பவன் மாப்பிள்ளை.

பார்த்து ஊற்றுங்கள்.