தொங்க வேண்டிய ஒயர்

1.

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. பல் மருத்துவரின் அறைக்கு வெளியே எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் ஃபோனில் சொன்னாள்: "மிதிச்சேன்னு சொல்றேன்ல. முழுசா மிதிச்சேன். வண்டிதான் போகல." பிறகு குரலைத் தாழ்த்தி, "பாப்பா பின்னாடி உட்கார்ந்திருந்தா," என்றாள். அதற்குள் அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மீதியை நானேதான் இட்டுக்கட்ட வேண்டும். என் பல்வலி என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அவள்

(கூடாது. சாலை ஈரமாக இருந்தால் சக்கரம் வழுக்குவது நியாயம்தான். அப்புறம் கதை எதற்கு? வெயில் அடிக்கட்டும்.)

2.

சாலை காய்ந்து கிடந்தது. பள்ளிக்கூடச் சந்து பெரிய சாலையில் சேரும் முனை. அவளுடைய கார் அவள் மகளைவிட வயதில் மூத்தது. அவள் மருந்துக்கடையில் வேலை செய்பவள். ஒரு சீட்டை இரண்டு முறை படிக்காமல் மாத்திரையைக் கையில் தொடமாட்டாள். சாலையையும் அப்படித்தான் இரண்டு பக்கமும் இரண்டு முறை பார்த்தாள். இடைவெளி கிடைத்தது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்கத் திருப்பி மிதித்தாள்.

கார் பாதி சாலைவரை பாய்ந்து, அங்கேயே மூச்சு வாங்கியது. எதிரே மீட்டர் பக்கத்தில் மஞ்சள் விளக்கு ஒன்று மின்னியது: நெளிநெளியாகக் கோடு போட்டபடி போகும் ஒரு குட்டிக் கார். அவள் கால் தரைவரை அழுந்தியிருந்தது, எஞ்சின் சொன்னபடி கேட்கவில்லை. லாரி ஒன்று அலறிக்கொண்டு வந்தது. கடைசி நேரத்தில் காருக்கு மனசு வந்து நகர்ந்துவிட்டது.

"அம்மா, லாரி மாமா திட்டுறாரு," என்றாள் மகள்.

அவள் காரை ஓரங்கட்டி நிறுத்தினாள்.

* அந்த மஞ்சள் விளக்கைப் பற்றிக் கொஞ்சம். ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் சொல்ல ஒரு சென்சார் உண்டு. ஒரு சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுற்றினால், அது வழுக்குகிறது என்று எண்ணி வண்டி தானே எஞ்சினின் பலத்தைக் குறைக்கும். நல்ல எண்ணம்தான். சென்சார் பொய் சொன்னாலும் வண்டி நம்பிவிடும், அதுதான் சிக்கல்.

3.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றான் கணவன்.

(இவனை வில்லனாக்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அன்று சாயங்காலம் அவன் மகளை மடியிலிருந்து இறக்கவே இல்லை. பயந்தவன் கிண்டல் பண்ணுகிறான். இவனை அப்படியே விட்டுவிடுகிறேன்.)

ஒரு வாரம் அவனே காரை ஆபீசுக்கு எடுத்துப் போனான். விளக்கு எரியவில்லை. பிறகு அவளுடைய அண்ணன் பார்த்தான். அண்ணன் மெக்கானிக். அவன் ஷெட்டில் ஸ்பேனர்கள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி உயர வரிசையில் நிற்கும். எங்காவது ஒரு ஒயர் தொங்கினால் அவனுக்குச் சோறு இறங்காது. வெள்ளை பிளாஸ்டிக் டையால் கட்டி, நுனியை நறுக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பான். போன மாதம் இந்தக் காருக்கு முன்பக்க ஷாக் அப்சார்பர் மாற்றியவனும் அவன்தான்.

கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தான். பழுது எதுவும் பதிவாகவில்லை. நெடுஞ்சாலையில் விரட்டியும் பார்த்தான். "வண்டி வெண்ணெய் மாதிரி போகுதும்மா. நீ வேணா கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு."

ரெஸ்ட் எடு என்றதுதான் அவளை உலுக்கிவிட்டது. மறுநாள் கடையில் மேஜைக்குக் கீழே வலது காலைத் தரையில் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். கால் அழுந்தத்தான் செய்தது. அன்றைக்கும் அழுந்தியதா? சீட்டுகளை மூன்று முறை படிக்கத் தொடங்கினாள். வண்டியில் கோளாறு இல்லையென்றால் கோளாறு அவளிடம்தானே? அப்படிப்பட்டவள் பிள்ளையை எதை நம்பி ஏற்றிக்கொண்டு போவது?

அவளுடைய பயம் ஒரு

(இங்கே நாலு உவமை எழுதி நாலையும் அடித்துவிட்டேன். பயந்தாள். அவ்வளவுதான்.)

4.

ஞாயிற்றுக்கிழமை. மூடிக் கிடந்த சந்தையின் பின்னால், கார்கள் நிறுத்தும் காலி மைதானம். அவள் ஸ்டியரிங்கில், அண்ணன் பக்கத்தில், கணவன் பின்னால், மகள் உட்காரும் இடத்தில். அப்படி உட்காரச் சொன்னது அவள்தான்.

நேராக ஓட்டினாள். ஒன்றும் இல்லை.

"பாத்தியா?" என்றான் கணவன்.

அவள் நிறுத்தினாள். "நீங்க ரெண்டு பேரும் ஓட்டினப்ப எங்கயாவது ஒடிச்சுத் திருப்பினீங்களா?"

அண்ணன் ஓட்டியது நேர் சாலையில். கணவனின் ஆபீஸ் வழியில் பெரிய வளைவே கிடையாது.

ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்க ஒடித்து மிதித்தாள். பாதி வட்டம் போவதற்குள் மஞ்சள் விளக்கு மின்னியது. கார் திணறியது.

"ஐயோ!" என்று கணவன் முன் சீட்டைப் பிடித்தான்.

அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷ அழுகை. கால் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

அண்ணன் இடது முன் சக்கரத்துக்குக் கீழே படுத்துத் தலையை நுழைத்தான். "ஃபுல்லா வலது பக்கம் திருப்பு." திருப்பினாள். ஒயரைத் தடவிக்கொண்டு போன அவன் கை ஓரிடத்தில் நின்றது.

"என்னண்ணா?"

"ஒண்ணுமில்ல."

ஆனால் அவன் வெளியே வரவில்லை. அவளே குனிந்து பார்த்தாள். சென்சார் ஒயர் விறைத்து நின்றது. அதன் நடுவில் ஒரு வெள்ளை டை, நுனி ஒழுங்காக நறுக்கப்பட்டு.

"கொஞ்சம் தொங்கிட்டு இருந்துச்சு," என்றான் அண்ணன், படுத்தபடியே. "பாக்க அசிங்கமா இருந்துச்சு. கட்டிட்டேன். சக்கரம் திரும்புறதுக்கு அந்தத் தொங்கல் வேணும்னு தோணல. உள்ள கம்பி அறுந்து அறுந்து ஒட்டுது." பிறகு கேட்டான்: "அன்னிக்கு பாப்பா உள்ள இருந்தால்ல?"

அவனுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டான்.

"எழுந்திரு மச்சான், தரை சுடுது," என்று கணவன்தான் அவனை இழுத்து வெளியே எடுத்தான்.

5.

முடிவுகள்.

ஒன்று: கணவன் சொன்னபடி, விளக்குக்குப் பக்கத்துப் பட்டனை அமுக்கி வழுக்கலைத் தடுக்கும் அந்த ஏற்பாட்டையே நிறுத்திவிட்டு ஓட்டுகிறாள். (மழைக்காலம் வரும். வேண்டாம்.)

இரண்டு: அடுத்த நாள் அந்த லாரி

(இல்லை. நீங்கள் இதைப் படிக்கவில்லை.)

மூன்று: புது சென்சார், அண்ணனுக்கு மன்னிப்பு, எல்லோரும் சிரிப்பு. (நுனியை நறுக்கிய முடிவு. கண்ணுக்கு அழகுதான்.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவே. புது சென்சார் போட்டாயிற்று. ஒயர் கொஞ்சம் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணனின் கை பரபரக்கிறது. மைதானத்தில் தலை சுற்றும்வரை வட்டமடித்தார்கள், விளக்கு எரியவில்லை. "இனிமே வராதும்மா," என்றான் அண்ணன், அவள் முகத்தைப் பார்க்காமல். விட்டுவிட்டு வந்த கோளாறு போய்விட்டது என்று யார் எழுதித் தர முடியும்?

"நாளைக்கு நானே கொண்டுபோய் விடட்டுமா?" என்றான் கணவன்.

"வேணாங்க. நானே போறேன்."

இப்போது திங்கட்கிழமை. சந்து முனை. சாலைக்கு எதிர்ப்புறம் அண்ணன் நிற்கிறான், யாரும் வரச்சொல்லவில்லை. ஃபோனைப் பார்ப்பதுபோல் பாவனை. அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டாள், இரண்டு முறை. ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்க ஒடித்திருக்கிறாள். தூரத்தில் ஒரு லாரி. இடைவெளி போதும். மகள் பின்னால் ஏதோ பாடிக்கொண்டிருக்கிறாள்.

இதற்குமேல் நான் எழுதினால் இழுத்துக் கட்டியதாகிவிடும். கால் வைத்தாயிற்று, மிதிக்க வேண்டியது நீங்கள்தான்.

பார்த்து.