ஆணி இல்லாத கோச்சி

விடிய ஐந்தரைக்கு ஆலைக் கதவைத் திறந்தால் தகரக் கூரைக் குளிர் நேரே தலையில் இறங்கும். ஆரையம்பதி ஆற்றோரம் பாழாய்க் கிடந்த நெல்லு ஆலை அது. இப்போது அதற்குள் நெல்லு இல்லை, நாங்கள் முப்பது பெண்கள். ஈயம் உருக்கி வயர் ஒட்டுகிறவள் புகையில் இருமிக்கொண்டே இருப்பாள். அடுத்தவள் சில்லுப் பூட்டுவாள். மேசையின் கடைசியில் நான், வதனி, பெட்டரியைப் போட்டு மூடியை மூடுவேன். பத்து மணிக்குள் பெருவிரல் தோல் உரிந்துவிடும்.

செய்வது சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுக் கோச்சி. ரயிலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வட்டத் தண்டவாளம், மூன்று பெட்டி, ஒரு எஞ்சின். சில்லு சுற்ற விரல் தடிப்பில் ஒரு பெட்டரி. கூவென்று ஊதச் சட்டைப் பொத்தான் அளவில் இரண்டு பெட்டரி. எஞ்சினின் வயிற்றில் மூடி, மூடிக்கு ஒரு திருகாணி. பிள்ளை பெட்டரியைத் தோண்டி வாயில் போடாமல் இருக்கத்தான் அந்த ஆணி. நெல்லுமணி அளவுதான் இருக்கும். அதனால் வந்த வினையைத்தான் சொல்ல வந்தேன்.

ஆரையம்பதித் தமிழ்ப் பெண்களுக்கு முன் மேசை, காத்தான்குடி முஸ்லிம் பெண்களுக்குப் பின் மேசை. நடுவில், அனுப்பத் தயாரான அட்டைப்பெட்டிகளை மதில்போல அடுக்கியிருந்தார் முதலாளி நல்லரத்தினம். "கரைச்சல் வராம இருக்கத்தான்" என்றார். நாட்டில் சண்டை முடிந்து ஒன்றரை வருசம். எங்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்? மூடியது யாரென்று தெரிய நாங்கள் மூடியின் மூலையில் சிவப்புப் பொட்டு வைப்போம். அவர்கள் நீலப் பொட்டு.

ஒவ்வொரு நாளும் மத்தியானம் வந்து மனிசன் கத்துவார். "பின் மேசை நூற்றி அறுபது போட்டுட்டாளுகள். உங்களுக்கு என்ன, கையில வாதமா?" நாங்கள் நின்றபடியே சோற்றை விழுங்கிவிட்டு ஓடிவருவோம்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தொடங்கியது நான்தான். ஒருநாள் ஆத்திரத்தில் ஆணியை விட்டுவிட்டு மூடியை மட்டும் அமுக்கினேன். டக்கென்று இருந்துகொண்டது. அன்றைக்கு முன் மேசை வென்றது. கைதட்டிச் சிரித்தோம், எருமைகள்!

நல்லரத்தினம் ஒரு எஞ்சினைக் கவிழ்த்துப் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். "உனக்கு மூளை இருக்கே" என்றார். அடுத்த நாள் இரண்டு மேசையிலும் ஆணி டின்னைக் காணோம். "இனி நாளைக்கு இருநூறு. குறைஞ்சா அரைநாள் சம்பளம்தான்."

"முதலாளி, சின்னப் புள்ளையள் விளையாடுற சாமான்..." என்று இழுத்தேன்.

"படுவான்கரைப் பாலர் பள்ளிகளுக்குத் தொண்டு நிறுவனக்காரர் சும்மா குடுக்கிற சாமான். ஓசிச் சாமானில ஆர் குத்தம் பாக்கிறது?"

இந்தப் பேச்சை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனக்காரரின் காசில் இதே மனிசன்தான் எங்களுக்குத் தோணி கட்டித் தந்தார். மூன்றாம் மாதம் முகத்துவாரத்தில் அது என் புருசனோடு பிளந்தது. உயிர் தப்பினார், வலது கால் இன்றைக்கும் சரியில்லை. சும்மா கிடைத்த தோணிதானே என்று அன்றைக்கு வாயை மூடிக்கொண்டோம். இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம், சண்டையில் நொந்த ஊர்களின் பிள்ளைகளுக்கும் ஓசிச் சாமான்.

அந்த வெள்ளிக்கிழமைதான் நடந்தது. பின் மேசையில் மூடி மூடுகிறவள் ஹிதாயா. சில்லு உடைந்து ஒதுக்கிய எஞ்சின் ஒன்றை முதலாளியிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள். அவளுடைய மகள் ஸஹீதாவுக்கு மூன்று வயது. திங்கள் காலை ஸ்டோர் பார்க்கிற லில்லியன் வந்து சொன்னாள்.

"புள்ள பொத்தான் பெட்டரிய முழுங்கிட்டுதாம். டொக்டர்மார் எடுத்திட்டாங்க. ஆனா தொண்டை வெந்துபோச்சாம்."

எந்தப் பொட்டு என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. பயம். மூன்று இரவும் நித்திரை இல்லை. பகலில் அதே கையால், அதே ஆணி இல்லாத மூடியை அமுக்கிக்கொண்டேயிருந்தேன். தூ, என்ன பிழைப்பு!

வியாழக்கிழமை விடிய மழைக்குள் லொறி வந்து நின்றது. ஆயிரத்து இருநூறு பெட்டி ஏற்றவேண்டும். லொறிக்குப் பின்னாலேயே நனைந்த முக்காட்டோடு ஹிதாயா வந்தாள். கையில் அந்த எஞ்சின்.

"எனக்கு வேலை வேணாம் முதலாளி. பெட்டி போகமுன்னே ஆணியப் போடுங்க. என்ட புள்ள மூக்கில விட்ட குழாயால பால் குடிக்கிறாள்."

"களவெடுத்த சாமானைக் கொண்டுவந்து எனக்கே காட்டுறியா?"

"நீங்க தலையாட்டித்தானே எடுத்தன்."

"சரி. ஆணி போடாம மூடினது ஆரு? பின் மேசையில மூடுறவ நீதானே? உன்ட கையாலதான் உன்ட புள்ளைக்கு வந்தது. போ அங்கால!"

ஹிதாயா எஞ்சினைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள். அவளுடைய பெருவிரல் மூடியின் மூலையை இறுக்கி அமுக்கியிருந்தது. பொட்டு வைக்கிற மூலை. விரலோரத்தில் கொஞ்சமாய்ச் சிவப்புத் தெரிந்தது.

அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மறைக்கிறாள். நான் பேசினால் வேலை போகும், நொண்டிப் புருசனும் இரண்டு பிள்ளைகளும் என் கையைத்தான் பார்த்திருக்கிறார்கள். பேசாவிட்டால் தன் பிள்ளையைத் தானே கெடுத்தவள் என்ற பழியோடு அவள் திரும்பிப் போவாள், லொறியும் போகும்.

"அது நான் மூடினது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். "முதலாளி! அதில கிடக்கிறது சிவப்புப் பொட்டு. நான் மூடினது!"

ஹிதாயா விரலை எடுத்தாள்.

"ஏன்கா சொல்லாம நிண்ட?" என்று அழுதேன்.

"சொன்னா என்னாகும் வதனிக்கா? தமிழ்ப் பொம்பள செஞ்ச சாமானால முஸ்லிம் புள்ளைக்கு இப்படி எண்டு ரெண்டு ஊரும் கிளம்பும். இவருக்கு அதுதானே வேணும். நீயாச் சொல்லுவியா எண்டு பாத்தன்."

"என்னை மன்னிச்சுக்க ஹிதாயா."

"மன்னிக்கிறனோ இல்லையோ, அது பொறவு. முதல்ல பெட்டியத் திற."

மதிலின் மேல்வரிசைப் பெட்டியை இழுத்து விழுத்தினேன். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒருத்தி இழுத்தாள். "பெட்டியில கை வச்சா ஒருத்திக்கும் நாளைக்கு வேலையில்ல!" என்று நல்லரத்தினம் பாய்ந்து வந்தார்.

"முப்பது பேரும் இல்லாட்டி நீங்களா முதலாளி சில்லுப் பூட்டப்போறீங்க?" என்றது பின் மேசையிலிருந்து ஒரு குரல். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

லில்லியன் இரண்டு ஆணி டின்னையும் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். "ஸ்டோர்த் திறப்பு என்னட்டத்தானே கிடக்கு" என்று சாவியை ஆட்டிக் காட்டினாள். மனிசன் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இழுத்தார். ஆலை இருண்டது.

"ஆணி முறுக்கக் கரண்ட் எதுக்கு?" என்று கத்தியபடி ஆற்றுப் பக்கத்துப் பெரிய கதவுகளைத் தள்ளித் திறந்தோம். மழை வெளிச்சம் உள்ளே வந்தது. லொறிக்காரர் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு வெற்றிலைப் பையை அவிழ்த்தார்.

முப்பது பேரும் நிலத்தில் ஒரே வரிசையாக இருந்தோம். முறுக்கும்போதே பேச்சு வந்தது.

"அண்டைக்கு நீங்க நூற்றி அறுபது போட்டதெண்டு எங்களை அறுத்துப்போட்டார்."

"நாங்களா? நூற்றிப் பத்துத் தாண்டல்லகா! நீங்கதான் நூற்றி எழுபது போட்டதெண்டு எங்களுக்குச் சொன்னவர்."

"அட பாவி மனிசா!"

வாசலில் நின்று அவர் போனில் பொலிசைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பொலிஸ் வரலாம். நாளைக்கு இந்தக் கதவு பூட்டிக் கிடக்கலாம். முடித்தது நாற்பது பெட்டிகூட இல்லை, ஆனால் ஒருத்தியும் எழும்பவில்லை. பொலிஸ் வந்தால் அவர்களுக்கும் ஆளுக்கொரு எஞ்சினைக் கவிழ்த்துக் காட்டுவோம் என்று பேசிக்கொண்டோம்.

ஹிதாயா என் பக்கத்தில் இருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் வந்து இருந்ததே போதும் என்று சொல்லமாட்டேன். அவள் அடுத்த எஞ்சினை எடுத்து மடியில் கவிழ்த்தாள். உள்ளங்கையை என் பக்கம் நீட்டினாள்.

"ஆணி" என்றாள்.

கொடுத்தேன்.