பாதி வந்த படம்

டக், டக் என்று கம்ப்யூட்டருக்குள் சத்தம் கேட்டதுமே சாந்தகுமாரி பெட்டியருகே குனிந்தாள். மர்பி டவுன் சந்தில் அவள் இத்தனை வருஷம் சோறாக்கிய சமையற்கட்டை இடித்துத் தள்ளிவிட்டு, அங்கே அப்படியொன்று இருந்ததே இல்லை என்று கோர்ட்டில் கூசாமல் சாதிக்கிறான் காண்ட்ராக்டர் கிருஷ்ணப்பா. இருந்ததற்குச் சாட்சி ஒரே ஒரு போட்டோ. மாடியில் குடியிருக்கும் சேலத்துப் பையன் கவின், போன தீபாவளிக்குப் புது டிஜிட்டல் கேமராவில் எடுத்தது. அது இப்போது அவன் கம்ப்யூட்டரின் இந்தச் சீக்குப் பிடித்த ஹார்ட் டிஸ்க்குக்குள் கிடக்கிறது.

அந்த ஒரு படத்தை மட்டும் திறந்து காட்டச் சொன்னாள். கவின் மாட்டேன் என்றான். தொடத் தொட டிஸ்க் சாகும். நல்லது கெட்டது பார்க்காமல் மொத்தத்தையும் அப்படியே வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு, அந்த நகலில்தான் தேட வேண்டும் என்றான். அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. இடிக்க வந்த அன்றைக்கு அவளும் எதையும் பொறுக்கிக்கொண்டு நிற்கவில்லை. கைக்குக் கிடைத்ததையெல்லாம் புடவையில் அள்ளிக் கட்டித் தெருவுக்கு ஓடியவள்தான்.

பாதியில் நகல் நின்றுவிட்டது. கவினுக்கு முகம் செத்துப்போயிற்று.

"போதும்க்கா, மொத்தமும் போயிரும். கிருஷ்ணப்பா சமாதானம் பேசக் கூப்பிட்டாருல்ல, போயிருங்க."

"இல்லாத சமையக்கட்டுக்கு இன்னாத்துக்குப்பா சமாதானம்? நீ ஓட்டு."

டிஸ்க்கைக் கொஞ்சம் ஆறவிட்டு, கெட்ட இடத்தை விட்டுவிட்டுக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படிக்க வைத்தான். அவள் பேப்பரை மடித்துக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நகலில் படம் இருந்தது. மேல்பாதி மட்டும். தகரக் கூரை, நீலக் கதவு, கதவில் வீட்டு நம்பர், முறுக்குத் தட்டோடு சாந்தகுமாரி. இடுப்புக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

"பாதிதான்க்கா தேறுச்சு," என்றான் கவின்.

"நிக்கிறேன்ல? காலு எங்க இருந்துச்சுன்னு அந்தக் கிருஷ்ணப்பா சொல்லட்டும்."

சிவாஜிநகரில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வாங்கினாள். கடைக்காரர் கவரில் போட்டுக் கொடுத்ததை உருவி வெளியே எடுத்தாள். கோர்ட்டுக்குப் போகிற வழியில், கிருஷ்ணப்பாவின் ஆபீஸ் வாசலில், படத்தை வெளியே தெரியும்படி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மெதுவாகவே நடந்தாள். படத்தில் வராத கால்கள் கீழே நடந்துகொண்டிருந்தன.