மூன்றாவது கிளிப்

கட்டிலின் மூன்று போல்ட்டுகள் கழன்றுவிட்டன. நான்காவது மட்டும் அசைய மறுத்தது. கட்டில்காரர் தரையில் முட்டிபோட்டு ஸ்பேனரை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டிருந்தார். கட்டிலின் தலைப்பக்கம் சாய்ந்துவிடாமல் அவள் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்னறையில் அவள் கணவரைக் கிடத்தியிருந்தார்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்கு இதே கட்டிலில்தான் அவருடைய மூச்சு நின்றது. இப்போது மணி பதினொன்று.

"ஏம்மா, இது இப்ப அவசியமா?" என்று கதவோரம் நின்ற மகன் கேட்டான். "நாலு மணிக்குத்தான் எடுக்கறோம். அதுக்குள்ள கட்டிலக் கழட்டினா வந்தவங்க என்ன நினைப்பாங்க?"

"நினைச்சுக்கட்டும். உங்கப்பா போட்ட சட்டம்."

கட்டில்காரர் கட்டிலை எடுத்துப்போக வரவில்லை. செய்தி கேட்டு, முகம்கூடக் கழுவாமல் ஓடி வந்தவர். முன்னறையில் அரைமணி நேரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அவள்தான் அருகில் போய், "ஸ்பேனர் வண்டில இருக்கா?" என்று கேட்டாள். அவருக்குப் புரிந்துவிட்டது. "வேண்டாம் அண்ணி, ஒரு வாரம் போகட்டும்" என்றார். அவள் கேட்கவில்லை.

நோயாளிக் கட்டில்களை வாடகைக்கு விடும் அந்தத் தொழிலை முப்பத்து மூன்று வருடங்களுக்கு முன் ஆரம்பித்தவர் அவள் கணவர். ஒரு வீட்டில் கட்டில் காலியானால் இன்னொரு வீட்டில் யாரோ தரையில் படுத்துக் காத்திருக்கிறார்கள் என்பது அவர் கணக்கு. ஆகவே காலியான கட்டில் அன்றைக்கே கிளம்பிவிட வேண்டும். கேட்பதற்கு ஈரமில்லாத சட்டம்போல இருக்கும். ஆனால் கட்டில் வந்து சேரும் வீட்டில் போய் நின்று பார்த்தால்தான் அதன் ஈரம் தெரியும். தொழில் தானாக ஓடத் தொடங்கியதும், தன்னிடம் முதலில் வேலைக்குச் சேர்ந்தவரிடமே அதைக் கொடுத்துவிட்டு அவர் நகர்ந்துவிட்டார். அன்றிலிருந்து வாங்கிக்கொண்டவருக்குக் கட்டில்காரர் என்று பெயர் நிலைத்தது.

அவள் கணவருக்கும் ஊரில் ஒரு பெயர் இருந்தது. 'அப்புறம் சார்' என்பார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. மருத்துவமனையின் காத்திருப்பு பெஞ்சு, பேருந்து நிறுத்தம், முடிதிருத்தும் கடை என்று நாலு பேர் உட்கார்ந்து சலித்துக்கொள்கிற இடம் எதுவோ, அங்கே போய் அவரும் உட்கார்ந்துகொள்வார். பக்கத்தில் இருப்பவர் ஏதாவது குறை சொல்ல ஆரம்பித்தால் போதும். மறுத்துப் பேசமாட்டார், யோசனை சொல்லமாட்டார். "அப்புறம்?" என்பார். அந்த ஆள் இன்னொன்று சொல்வார். "அப்புறம்?" மனிதர்கள் முதலில் சொல்கிற குறை, வாயில் தயாராக இருப்பது; மூன்றாவது 'அப்புறம்' கேட்ட பிறகு வருவதுதான் வயிற்றிலிருந்து வருவது என்று அவர் நம்பினார். புதுத் தொழிலுக்கு யோசனை எங்கிருந்து கிடைக்கிறது என்று யாராவது கேட்டால் சிரிப்பார். தனக்கு ஒரு யோசனையும் வந்ததில்லை, அடுத்தவர் சலிப்புதான் வந்திருக்கிறது என்பார்.

கேட்டதைத் துண்டுச் சீட்டில் எழுதி, பின்னறையில் சுவருக்குச் சுவர் கட்டிய கொடியில் துணி கிளிப்பால் மாட்டுவார். அதே குறையை வேறொருவர் சொன்னால் அதே சீட்டில் இரண்டாவது கிளிப். மூன்றாவது வாயிலிருந்தும் அது வந்துவிட்டால் மூன்றாவது கிளிப். அன்றைக்கே வேலை ஆரம்பம். கடை பிடிப்பது, பலகை எழுதுவது எல்லாம் பிறகு. முதலில் தன் கையாலேயே நாலு பேருக்குச் செய்து பார்ப்பார். கட்டில் தொழில்கூட, சொந்த வீட்டுக் கட்டிலைக் கழற்றி அடுத்த தெருவுக்குக் கொடுத்ததில் தொடங்கியதுதான். அப்போது மூன்று மாதம் அவளும் குழந்தையும் தரையில் படுத்தார்கள்.

இப்படிப் பதினான்கு தொழில்கள். பாத்திரங்களின் மூடியும் கைப்பிடியும் மட்டும் விற்கிற கடை. அலுவலக வரிசைகளில் நமக்குப் பதிலாக நிற்க ஆள் அனுப்புவது. பேருந்து நிறுத்தத்தில் வாடகைக் குடை. முதல் மழைக்கு நூறு குடை போனது, ஏழு திரும்பி வந்தது. அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, "ஏழு பேரு தேடி வந்து குடுத்திருக்காங்க பாரேன்" என்று அவர் வியந்துபோய்ச் சொன்னார். ஒன்பது தொழில்கள் படுத்துக்கொண்டன. மூடிய மறுநாள் காலையில் முகம் கழுவி, தலை சீவி, பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவார். துக்கம் என்பதையே அந்த மனிதருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையோ என்று அவளுக்குத் தோன்றும்.

"கொடியக் கழட்டணும் அண்ணி" என்றார் கட்டில்காரர். நான்காவது போல்ட் ஒருவழியாகக் கழன்றிருந்தது. "மருந்து பாட்டில் மாட்டற கம்பி இதுலயே பத்த வச்சிருக்கு. தூக்கினா கொடில மாட்டும்."

மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். அறுபது, எழுபது சீட்டுகள் தொங்கின. அந்தக் கொடியை வீட்டில் யாரும் தொட்டதில்லை. கிளிப் ஒன்று தவறி விழுந்தால் ஒரு தொழிலே தவறிவிடும் என்று அவர் சொல்லிவைத்திருந்தார்.

மகன் நாற்காலியைப் போட்டு ஏறினான். நான்கைந்து சீட்டுகளைச் சேர்த்துப் பிடித்து உருவப் போனவனை அவள் தடுத்தாள்.

"ஒவ்வொண்ணா எடு. எடுத்து எங்கிட்டக் குடு."

"எதுக்கும்மா? எல்லாம் யாரோ எவரோ புலம்பினதுதானே."

யாரோ எவரோ புலம்பியதா, அதற்கு நடுவே தன்னுடையதும் இருக்கிறதா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

கல்யாணமான ஐந்தாவது வருடம் அது. அவர் பெஞ்சிலிருந்து திரும்பி, சாப்பிட்டுக்கொண்டே, யாரோ ஒரு பெண்மணி மூக்குக் கண்ணாடித் திருகு தொலைந்து பட்ட பாட்டை விவரித்துக்கொண்டிருந்தார். அன்று அவளுக்குள் ஏதோ அறுந்தது. "ஊர்ல இருக்கறவங்க சலிப்பெல்லாம் கேக்கறீங்க. என் சலிப்பக் கேக்க யாரு இருக்கா?" என்றாள். அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். இடது கையால் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். அதைப் பார்த்ததும் அவளுக்கு வந்த கோபத்தில் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். தன் மனக்குறையும் அவருக்குச் சரக்காகிவிட்டதே என்ற கோபம். அவர் எழுதினாரா, கிழித்தாரா, தெரியாது. அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதன்பிறகு முப்பத்தைந்து வருடம் ஓடிவிட்டது.

மூன்று மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து அவருடைய வலப்பக்கத்தையும் பேச்சையும் எடுத்துக்கொண்டது. கொடி கண்ணில் படட்டும் என்று பின்னறையில்தான் கட்டிலைப் போட்டார்கள். அவள் பகலெல்லாம் அந்தக் கொடிக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் தலையை நிமிர்த்திப் பார்த்ததில்லை. தன் சீட்டு அங்கே இல்லை என்று தெரிந்துவிட்டால், பிறகு எந்தக் கையால் அவருக்கு வாய் துடைத்துவிடுவது?

மகன் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினான். அவள் படித்து, கிளிப்போடு அட்டைப்பெட்டியில் வைத்தாள். மாடிப்படியில் மளிகைப் பையைத் தூக்க முடியவில்லை. ஒற்றைச் செருப்பு தொலைந்தால் ஜோடியாகத்தான் வாங்கவேண்டியிருக்கிறது. காது கேட்கும் கருவியின் பேட்டரி எந்தக் கடையிலும் இல்லை. எல்லாம் அவருடைய சாய்ந்த கையெழுத்து.

"ஸ்கூல்ல வருஷா வருஷம் ஃபாரம் குடுப்பாங்க" என்றான் மகன், நாற்காலிமேல் நின்றபடியே. "தந்தையின் தொழில்னு ஒரு கட்டம். நான் ஒவ்வொரு வருஷமும் வேற வேற எழுதுவேன். ஒரு வருஷம் குடைன்னு எழுதினேன். டீச்சர் கூப்பிட்டு, குடைன்னா என்னப்பான்னு கேட்டாங்க. கிளாஸே சிரிச்சுது." அவன் சிரிக்கவில்லை. இருபத்தொரு வருடமாக ஒரே காப்பீட்டு அலுவலகத்தில், ஒரே மேசையில் வேலை பார்ப்பவன் அவன்.

சுவரோரம் கடைசியாக ஒரு சீட்டு. பழுப்பேறி, ஓரம் சுருண்டு, பின்பக்கம் திரும்பித் தொங்கியது. அதை எட்டி எடுத்த மகன், கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"குடுப்பா."

அவன் இறங்கி வந்து கொடுத்தான்.

*ஊர்ல இருக்கறவங்க சலிப்பெல்லாம் கேக்கறீங்க. என் சலிப்பக் கேக்க யாரு இருக்கா.*

ஒரு சொல் மாறவில்லை. சீட்டில் மூன்று கிளிப்புகள் இருந்தன. ஒன்று மரக் கிளிப், கம்பி துருப்பிடித்துக் காகிதத்தில் கறை விட்டிருந்தது. இன்னொன்று மஞ்சள் பிளாஸ்டிக், வாத்து உருவம். மூன்றாவது புத்தம்புதிது.

"வாத்து என்னோடது" என்றான் மகன். குரல் இறங்கியிருந்தது. "அந்தக் குடை விஷயத்துக்கு அன்னிக்கு ஸ்கூல் வாசல்லயே அவர்கிட்ட கத்தினேன். ரோட்ல போறவங்ககிட்ட எல்லாம் கேக்கறீங்களே, என்னக் கேட்டீங்களான்னு. ராத்திரி என் டிராயிங் போர்டுல இருந்த கிளிப்பக் காணோம். நான் தேடவே இல்ல."

"மூணாவது யாரு?" என்றாள் அவள்.

கட்டில்காரர் போல்ட்டுகளைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைத்தான் கேட்கிறாள் என்று உணரச் சற்று நேரம் பிடித்தது.

"நான்தான் மாட்டினேன் அண்ணி. போன மாசம், கட்டிலச் சுத்தி ஏத்தற கைப்பிடிக்கு எண்ணெய் விட வந்தேனே. நீங்க குளிச்சுக்கிட்டு இருந்தீங்க. அண்ணன் கண்ணாலயே அந்தச் சீட்டக் காட்டினாரு. கிளிப் பெட்டியக் காட்டினாரு. நான் படிக்கல, சத்தியமா. மூணாவது ஆள் யாருண்ணேன்னு மட்டும் கேட்டேன். இடது கையால நெஞ்சத் தொட்டாரு."

முன்னறையில் யாரோ நாற்காலி இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"அதுக்கப்புறம்தான் வேலைய ஆரம்பிச்சுட்டாரே" என்றார் கட்டில்காரர். "உங்களுக்குத் தெரியாததா? அடுத்த வாரம் வந்தப்ப பார்த்தேன். நீங்க ஏதோ பேசிக்கிட்டு இருக்கீங்க, அண்ணன் இந்தக் கம்பில ரெண்டு தட்டு தட்டறாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பழைய வழக்கம் போகலயேன்னு."

"என்ன வழக்கம்?"

"கடைல கஸ்டமர் பேசிக்கிட்டு இருக்கறப்ப நான் நடுவுல வாயத் திறந்துடுவேன். அப்ப மேசைல ரெண்டு தட்டுவாரு. நீ பேசாத, 'அப்புறம்'னு கேளுன்னு அர்த்தம். டக் டக். அவ்ளோதான்."

அவள் கட்டிலின் பக்கவாட்டுக் கம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

கடைசி மாதம் முழுக்க அவர் தட்டினார். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் அவள் ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். பால் திரிந்ததில் ஆரம்பித்து, எங்கெங்கோ போய், என்றைக்கோ விட்ட பழைய பேச்சுக்கு வந்து நிற்பாள். அவள் நிறுத்தினால் இரும்புக் கம்பியில் அவருடைய இடது ஆள்காட்டி விரல் தட்டும், டக் டக். அவள் உடனே எழுந்து தண்ணீர் கொண்டு வருவாள். தலையைத் தூக்கிப் பிடித்து, ஸ்பூனால் ஊட்டுவாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு, அலுத்துக்கொள்ளாமல், இரண்டு ஸ்பூன் குடிப்பார். வாயைத் துடைத்துவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். ஒரே நாளில் ஏழெட்டுத் தடவை. "இவருக்கு இவ்வளவு தாகம் எடுக்குதே" என்று மருத்துவரிடம்கூடக் கேட்டாள்.

ஜன்னல் விளிம்பில் அந்த டம்ளர் ஸ்பூனோடு இன்னும் இருந்தது. நேற்றுச் சாயங்காலம் ஊற்றிய தண்ணீர் பாதிக்குமேல் மீதி இருந்தது.

"என்ன அண்ணி?" என்றார் கட்டில்காரர்.

"ஒண்ணுமில்ல. நேரமாச்சு, தூக்குங்க."

மகனும் அவரும் கொடிக்குக் கீழாகத் தலைப்பக்கத்தைச் சாய்த்து வெளியே கொண்டுபோனார்கள். பிறகு கால்பக்கம். பிறகு பக்கவாட்டுக் கம்பி. கம்பியின் ஓரிடத்தில் வண்ணம் தேய்ந்து, ஒரு விரல் நகம் அகலத்துக்கு இரும்பு பளபளத்தது. அது கதவைத் தாண்டும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அதையும் கொண்டுபோகத்தான் வேண்டும். கம்பி இல்லாத கட்டிலிலிருந்து நோயாளி விழுந்துவிடுவார்.

வண்டிவரை நடந்துபோய், "யாருக்குப் போகுது?" என்று கேட்டாள்.

"ரெண்டு தெரு தள்ளி அண்ணி. ஒரு ரிட்டயர்டு டீச்சர். இடுப்பெலும்பு. முந்தாநாள்லேர்ந்து சோஃபாலதான் படுத்திருக்காங்க."

"கைப்பிடி இடது பக்கம் இறுக்கும். அரைச்சுத்து பின்னால சுத்திட்டு அப்புறம் முன்னால சுத்தச் சொல்லுங்க."

அவர் தலையாட்டினார். வண்டி தெருமுனை திரும்பியது.

அவள் திரும்பி வந்தபோது பின்னறை பெரிதாகத் தெரிந்தது. கட்டில் நின்ற இடத்தில் தரையில் நான்கு கறுப்பு வட்டங்கள். கொடி மட்டும் குறுக்கே வெறுமையாகத் தொங்கியது, கழற்ற மறந்துவிட்டார்கள். மகன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். அட்டைப்பெட்டி பக்கத்தில் இருந்தது. அவள் மெல்லக் குனிந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, அவனுக்கு எதிரே, வட்டங்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

"உனக்குத் தெரியுமா, கல்யாணத்துக்கு முன்னால நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தேன்."

"தெரியும்மா."

"நீ பொறந்த வருஷம் அங்கேர்ந்து ஒரு லெட்டர் வந்துச்சு. சூப்பர்வைசர் வேலைக்குத் திரும்பி வரச்சொல்லி. அது தெரியாது உனக்கு. யாருக்கும் தெரியாது. போன வியாழக்கிழமை உங்கப்பாகிட்டச் சொல்ல ஆரம்பிச்சேன்."

அவள் நிறுத்தினாள். பீரோவில் புடவைகளுக்கு அடியில் அந்தக் கடிதத்தை வைத்த நாள் ஞாபகம் வந்தது. வெளியே யாரோ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார்கள். முன்னறையில் அழுகை ஒன்று எழுந்து அடங்கியது.

மகன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிறிது நேரம் கழித்து அவன் விரல் சிமெண்ட் தரையில் இரண்டு முறை தட்டியது.

அவளைத் தேடிக்கொண்டு வந்த நாத்தனார் கதவருகே நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். "காலைலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. தண்ணி கொண்டு வரவா அண்ணி?"

"வேண்டாம்" என்றாள். மடியிலிருந்த சீட்டை நீவி விட்டுக்கொண்டே, நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்தாள்.