டார்கில் ஓட்டி வந்த மாடுகள்

குலத்தலைவரைப் புதைத்த மண்ணின் ஈரம் காய்வதற்குள் அவர் தம்பி லாக்லன் பேச்சை எடுத்துவிட்டான். டுன்வாக் கோட்டைக் கூடத்தில், ஊரே விஸ்கிக் கோப்பையும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது, மிகவும் கரிசனமாகத்தான் எடுத்தான்.

"அண்ணன் போயிட்டாரு. புள்ள இருக்கான், நல்ல புள்ள. ஆனா எதிராளி மாட்ட ஓட்டிக்கிட்டு வராம எந்தப் புள்ளையும் அந்தக் கல்லு மேல ஏறுனதில்ல. இத நான் சொல்லலப்பா, வழக்கம் சொல்லுது."

வழக்கம் அப்படித்தான் சொன்னது. பட்டமேற்கும் கல்லில் ஏறுமுன் புதுத் தலைவன் தன் ஆட்களின் கண்ணெதிரே பகைவன் நிலத்துக்குள் புகுந்து மாடு கவர்ந்து வரவேண்டும். அதுவரை ஒருவனும் அவன் வாள்மேல் கைவைத்துச் சத்தியம் செய்யமாட்டான். தலைநகர் எடின்பரோவில் அரசனின் ஆட்கள் இதற்கெல்லாம் தடை போட்டுச் சட்டம் எழுதியிருந்தார்கள். எழுதியவர்கள் இந்த மலைப்பக்கம் வந்ததில்லை.

"ஓரானுக்குப் போவோம்" என்றான் லாக்லன். எல்லோர் கண்ணும் தலைவரின் மகன் டார்கில்மேல் திரும்பியது.

பகைக்குலத்தின் ஊரான ஓரான்தான் அவன் வளர்ந்த இடம். இரண்டு குலமும் வெட்டிக்கொண்டு ஓய்ந்து ஒருமுறை சமாதானம் பேசியபோது, அதற்கு அடையாளமாகப் பால்குடி மறந்த டார்கிலை ஓரானில் ஃபின்லே வீட்டில் வளர்க்கக் கொடுத்தார்கள். மீசை அரும்பும்வரை அங்கேதான் இருந்தான். ஃபின்லேயைத்தான் அப்பா என்றான். பெற்றவரை ஊரைப்போல அவனும் தலைவர் என்றே கூப்பிட்டான். அவன் கோட்டைக்குத் திரும்பிய கையோடு மேய்ச்சல் தகராறில் சமாதானம் செத்துப்போனது.

"என்னடா மூஞ்சி தொங்கிப்போச்சு? வளத்த வீட்டு மாடுன்னு பாக்குறியா? பாவம், கன்னுக்குட்டியோட ஒண்ணா படுத்துத் தூங்கியிருப்பான்." லாக்லன் சொல்ல, கூடமே சிரித்தது.

மாட்டேன் என்றால் கல்லின்மேல் லாக்லன் ஏறுவான். அப்புறம் அண்ணன் மகனைக் குளிர்காலம்வரை உயிரோடு வைத்திருக்க அவனுக்கென்ன பைத்தியமா? பெற்ற அம்மாவும் தங்கைகளும் நடுத்தெருவில் நிற்பார்கள். "போலாம் சித்தப்பா" என்றான் டார்கில்.

மறுநாள் மான் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாக மலை தாண்டினான். ஃபின்லே சதுப்பில் அடுப்பில் எரிக்கக் கரிமண் வெட்டிக்கொண்டிருந்தார்.

"வாடா வைரி! கொல்ல வந்தியா, கஞ்சி குடிக்க வந்தியா?"

"நாளன்னைக்கு விடியல்ல வர்றோம்ப்பா. மாடுங்கள மேல் மேய்ச்சல்ல விட்டுட்டு எல்லாரும் வீட்டுக்குள்ள இருந்துக்கங்க. ஒருத்தர் மேலயும் கை படாது. கொஞ்ச நாள் போனதும் மாட்டத் திருப்பி அனுப்பிடறேன்."

"முன்கூட்டியே சொல்லிட்டுத் திருட வர்றவன இப்பத்தான் பாக்குறேன்." சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கேட்டார். "லாக்லன் வர்றானா கூட?"

"வர்றாரு."

ஃபின்லே மறுபடி மண்ணை வெட்டினார். "சரி. மாடு அங்க நிக்கும். போ, உங்கம்மா ஓட்ஸ் ரொட்டி சுடறா. தின்னுட்டுப் போ."

வளர்த்தவள் மார்சலி அவன் தலையைத் தடவிப் பார்த்தாள். "எளைச்சுட்டியே கண்ணு. அவ்வளவு பெரிய கோட்டையில ஒனக்கு ஆக்கிப்போட ஆளில்லையா?"

ரொட்டியை மென்றுகொண்டே மலையிறங்கினான் டார்கில். யாருக்கும் நோகாமல் காரியத்தை முடித்துவிட்டோம் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டான். அந்த வயதில் எவனுக்கும் வருகிற கிறுக்குதான்.

சொன்ன விடியலில் படையோடு போனார்கள். பனிமூட்டத்துக்குள் கறுப்பு மாடுகள் சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டிருந்தன. காவல் இல்லை. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

லாக்லன் வாளை உறையில் போட்டுவிட்டு ஒரு பாறைமேல் உட்கார்ந்தான். "இதுக்கா இத்தன பேரு? என் பொண்டாட்டிய அனுப்பியிருந்தா பால் கறந்துட்டே ஓட்டிக்கிட்டு வந்திருப்பாளே!"

ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். செத்துப்போன தலைவருக்கு வேண்டியவர்கள் மட்டும் தரையைப் பார்த்தார்கள். எதிர்ப்பே இல்லாமல் ஓட்டிப்போகிற மாடு எந்தக் கணக்கிலும் சேராது என்று டார்கிலுக்கு அப்போதுதான் உறைத்தது.

"டேய், டுன்வாக் திருட்டு நாய்ங்களா!"

சரிவில் ஃபின்லே இறங்கி வந்தார். தனி ஆள். கையில் வாள். நேராக டார்கிலிடம் வந்து, முதல் வீச்சிலேயே அவன் கன்னத்தைக் கிழித்துவிட்டார். சிரிப்புச் சத்தம் பட்டென்று நின்றது.

இரண்டு வாளும் மோதிச் சிக்கியபோது முகமும் முகமும் நெருங்கின. "என்னடா வெளையாடுற? லாக்லன் பாத்துக்கிட்டிருக்கான். ஒழுங்கா அடி" என்று ஃபின்லே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"போதும்ப்பா. போயிடுங்க. உங்க கால்ல விழறேன்."

"மூஞ்சில ரத்தம் வாங்கிட்டு என்னய உசிரோட விட்டுட்டுப் போனா, நீ கல்லு மேல ஏறமாட்ட. குழிக்குள்ளதான் எறங்குவ. அடிடா!"

பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவன் பிறப்பை இழுத்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். வாளைத் தலைக்குமேல் ஓங்கினார். நெஞ்சு முழுக்கத் திறந்து கிடந்தது. டார்கில் கண்ணை மூடிக்கொண்டு குத்தினான்.

முதல் ஆளாக ஆரவாரம் செய்தவன் லாக்லன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று சாயங்காலமே டார்கிலைக் கல்லின்மேல் ஏற்றி தலைவனுக்குரிய வெள்ளைக்கோலைக் கையில் கொடுத்தார்கள். கன்னத்து ரத்தத்தைக் கழுவக்கூட விடவில்லை, அவ்வளவு பெருமை அவர்களுக்கு. ஒவ்வொருவனாக வந்து அவன் வாள்மேல் கைவைத்தான். அந்த வாளைத் தூக்கி ஏரியில் எறிந்துவிட்டு ஓவென்று அழவேண்டும்போல இருந்தது அவனுக்கு. தலைவன் அழக்கூடாது என்பதால் நின்றான்.

ஓரான் மாடுகள் டுன்வாக் பெண்களுக்குப் பால் விடவில்லை. மடி கட்டிப்போய் இரவும் பகலும் கத்தின. ஓரிரு நாள் கழித்து மார்சலி தனியாக மலை தாண்டி வந்தாள். காவல்காரர்கள் அவளைத் தடுக்கவில்லை. பட்டிக்குள் போய் உட்கார்ந்து, மாட்டின் விலாவில் நெற்றியைச் சாய்த்து, தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டே கறக்க ஆரம்பித்தாள். பால் இறங்கியது. டார்கில் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு அவள் பின்னால் போய் நின்றான்.

"அம்மா."

அவள் திரும்பவில்லை. "வாயில்லா சீவன் என்ன பாவம் பண்ணுச்சு. கத்துறது அங்க வரைக்கும் கேக்குற மாதிரியே இருந்துச்சு. அதான் வந்தேன்."

"அவரு வெளிய வருவாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. உள்ள இருக்கட்டும்னுதானே நான் வந்து சொன்னேன்."

மார்சலி அடுத்த மாட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏரிக்கு அந்தாண்ட ஒரு சாவு. நீங்க வர்றதுக்கு மொத நாளே ஊர் ஆம்பளைங்க மொத்தமும் படகுல போயிட்டாங்க. அவருக்கும் படகுல எடம் வெச்சிருந்தாங்க, செத்தது அவரு சிநேகிதன். நீ வந்துட்டுப் போன பொறவு, ஒன்ன எதுத்து இங்க ஒருத்தன் நிக்கணும்னு சொல்லிட்டு இருந்துட்டாரு."

அவள் கை கறப்பதை நிறுத்தவில்லை.

"நீ சொல்லாமயே வந்திருக்கலாம், கண்ணு."